சாவி தொலைந்த தரைப்பெட்டகம்

தரைக்குள் பதித்த இரும்புப் பெட்டகத்தில் வெளியே தெரிவது மூடி ஒன்றுதான். தரைக்கல்லைப் பெயர்த்தால் வட்டமாகவோ சதுரமாகவோ கனத்த இரும்பு மூடி இருக்கும். நடுவில் சாவித் துவாரமோ எண் டயலோ இருக்கும். மற்ற ஐந்து பக்கங்களும் கான்கிரீட்டுக்குள் புதைந்து கிடக்கும். சுவரோரம் நிற்கும் பெட்டகத்தை நான்கு பேர் சேர்ந்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஆளரவம் இல்லாத இடத்தில் வைத்து நிதானமாக உடைக்கலாம். தரைப்பெட்டகத்தை அப்படிக் கொண்டுபோக வேண்டுமானால் வீட்டின் தளத்தையே வெட்டி எடுக்க வேண்டும். கடப்பாரையைக் கொடுத்து நெம்புவதற்குப் பக்கவாட்டில் இடமும் இல்லை. எடையை விட இருப்பிடமே இதற்குப் பெரிய காவல்.

அந்த இருப்பிடமே பிறகு தொல்லையும் ஆகிறது. தினமும் புழங்கும் பெட்டகத்தின் சாவி தொலைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். தரைப்பெட்டகத்தின் கதை வேறு. அதை வைத்தவர் யாரிடமும் சொல்லாமல் இறந்துபோகிறார். பாகப்பிரிவினையில் வீடு கைமாறுகிறது. புதிதாக வாங்கியவர் பழைய சிவப்புத் தரையின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார். இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக் குழாய் போடத் தரையைக் கொத்தும்போது மூடி தலைகாட்டுகிறது. அப்போது சாவி எங்கே என்று கேட்க ஆளே இருப்பதில்லை.

அப்படி அகப்படும் பெட்டகத்தைத் திறக்கும் வேலையில் பொருளறிவியல், இயந்திரவியல், வேதியியல், கொஞ்சம் சட்டம் எல்லாம் கலந்திருக்கின்றன. திறக்கவே முடியாத பெட்டகம் என்று எந்தத் தர அமைப்பும் சான்று தருவதில்லை. பெட்டகத்தின் வலிமை நேரத்தால் அளக்கப்படுகிறது. அமெரிக்காவின் யு.எல். தரத்தில் டி.எல்.-15, டி.எல்.-30 என்ற பிரிவுகளில் உள்ள எண்கள் நிமிடங்களைக் குறிக்கும்: பெட்டகத்தின் வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் சோதனையாளர்கள் கருவிகளோடு தாக்கினாலும் கதவு அத்தனை நிமிடம் தாங்க வேண்டும். கருவியை மாற்றும் நேரம், இளைப்பாறும் நேரம் கணக்கில் சேராது. ஐரோப்பாவின் இ.என். 1143-1 தரம் தாக்குப்பிடிக்கும் திறனைப் புள்ளிகளாகத் தருகிறது. இந்தியாவில் ஐ.எஸ். 550 இருக்கிறது. திருடனுக்குப் பதினைந்து நிமிடம் என்பது பெரிய காலம். வீட்டுச் சொந்தக்காரருக்கோ அவசரமே இல்லை. ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வேறுபாட்டால்தான் சாவி தொலைந்த பெட்டகத்தைச் சேதமில்லாமல் திறக்க முடிகிறது. பெரும்பாலோர் முதல் நாளே சம்மட்டியைத் தூக்குவதால் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

மண்ணே பூட்டாக இருந்த காலம்

எஃகுப் பெட்டகம் வருவதற்கு முன் தமிழகத்தில் செல்வத்தைக் காத்தது மண். கலயத்தில் காசைப் போட்டு, வாயைக் கட்டி, அடையாளம் வைத்துப் புதைத்தார்கள். இடம் தெரிந்திருப்பதுதான் சாவி. அந்தச் சாவி தொலைந்ததன் விளைவுகளே இன்று செய்தியாகின்றன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் குழி தோண்டியபோது ஒரு கலயத்தில் 505 தங்கக் காசுகள், ஏறத்தாழ 1.7 கிலோ, கிடைத்தன. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண்ணைத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. ஒளித்து வைத்தவர்கள் திரும்பி வரவில்லை. வந்தவர்களுக்கு இடம் தெரியவில்லை.

ஓரிடத்தில் மறைத்து வைத்துப் பிறகு தேடுவதற்குக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தில் ஒரு புராணமே உண்டு. நாயன்மார்களுள் ஒருவரான சுந்தரர் தாம் பெற்ற 12,000 பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு வழக்கை இந்தக் கதையோடு சேர்த்தே சொல்வார்கள். பொன்னை ஆற்றில் இடுமுன் மாற்றுப் பார்க்க அதிலிருந்து ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார் என்பதையும் கதை மறக்கவில்லை. மாதிரியை எடுத்து வைத்து, பிறகு கிடைத்ததை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எந்த ஆய்வுக்கூடமும் ஒப்புக்கொள்ளும் முறைதான்.

செல்வர் வீடுகளிலும் கோயில்களிலும் நிலவறை இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் பெட்டகசாலை என்றே ஒரு பகுதி உண்டு. இந்தியாவில் தொழிற்சாலைப் பூட்டும் பெட்டகமும் பரவியது 1897க்குப் பிறகு. அந்த ஆண்டில் அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பெட்டகமும் செய்தார். பழைய வீடுகளின் தரையில் இன்று அகப்படுபவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் எஃகுப் பெட்டகங்களே.

எஃகுக்குள் இருக்கும் பீங்கான்

பெட்டகம் என்றால் தடித்த இரும்பு என்பதே பொதுவான எண்ணம். தனி இரும்பு அவ்வளவு நல்ல காவலாளி அல்ல. சாதாரண எஃகை நல்ல துரப்பணக் கருவி நிமிடங்களில் துளைத்துவிடும்; ஆக்சி-அசிட்டிலின் தீச்சுடர் அறுத்துவிடும். ஆகவே இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வேறொரு பொருளை நிரப்புகிறார்கள். அந்தப் பொருள் விருத்தாசலத்துக்காரர்களுக்கு நெருங்கிய உறவு.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்ததற்கு அக்கம்பக்கத்துக் களிமண் பெரிய காரணம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க அதன் மேலே கிடக்கும் மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. ஊரில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் இருக்கிறது. கழிவுநீர்க் குழாய், பொம்மை, மின்சாரத்துக்கான பியூஸ் கட்டை ஆகியவற்றைச் செய்யும் சூளைகள் இருக்கின்றன. பியூஸ் கட்டைக்கு ஏன் பீங்கான்? பியூஸ் கம்பி உருகி அறும் நொடியில் எழும் மின்பொறியின் சூட்டை அது தாங்கும். உருகாது, எரியாது, மின்சாரத்தைக் கடத்தாது. களிமண்ணில் உள்ள கயோலின் கனிமம் 500, 600 டிகிரி செல்சியஸில் தன் படிக நீரை இழக்கிறது. அந்த நீர் அதன் எடையில் ஏறத்தாழ 14 சதவீதம். 1,000 டிகிரியைத் தாண்டும்போது முல்லைட் என்ற புதிய படிகம் உருவாகிறது. சுட்ட களிமண் மறுபடி சேறாகாததும், பீங்கான் சூட்டுக்கு அசையாததும் இந்த மாற்றங்களால்தான்.

களிமண்ணில் சிலிக்காவோடு சேர்ந்திருக்கும் அலுமினாவைத் தனியே எடுத்தால் இன்னும் கடினமான பொருள் கிடைக்கும். படிகமான அலுமினாவுக்குக் குருந்தம் என்று பெயர். மாணிக்கமும் நீலமும் நிறமேறிய குருந்தங்களே. மோஸ் கடின அளவையில் வைரம் 10, குருந்தம் 9. அலுமினா உருகுவது 2,072 டிகிரியில். இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடும். உயர்தரப் பெட்டகங்களில் கான்கிரீட்டோடு குருந்தக் கட்டிகளைக் கலந்து நிரப்புகிறார்கள். கடலை மிட்டாயில் பாகுக்குள் கடலை பதிந்திருப்பது போல, ஒப்பளவில் மென்மையான சிமெண்டுக் கலவைக்குள் மிகக் கடினமான துண்டுகள் ஒழுங்கில்லாமல் பதிந்திருக்கும். டங்ஸ்டன் கார்பைடு முனையும் ஏறத்தாழ இதே கடினம்தான். ஆனால் நொறுங்கும் குணம் உடையது. துளை நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது முனையின் ஒரு பக்கம் மட்டும் குருந்தத்தில் இடிக்கிறது, துரப்பணம் பக்கவாட்டில் விலகுகிறது, முனை பெயர்ந்துவிடுகிறது. ஒரே சீரான கடினப்பொருளை விட இந்தக் கலப்படம் அதிகத் தொல்லை தருவது இதனால்தான். இதற்கு மாற்று, வைரத் துகள் பதித்த குழல் முனை. அதையும் தண்ணீர் விட்டுக் குளிரவைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும்.

தீச்சுடருக்கு எதிராகச் சில பழைய கதவுகளில் தாமிரத் தகட்டை இடையே வைத்தார்கள். தாமிரம் எஃகைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்; சுடர் படும் இடத்தில் சூடு தங்காமல் தகடு முழுக்கப் பரவிவிடும். அறுப்பதற்கு ஓரிடத்தில் சூடு குவிய வேண்டும், அது நடப்பதில்லை.

தீ விபத்திலிருந்து காக்கும் பெட்டகம் இன்னொரு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அதன் சுவருக்குள் இருப்பது நீரைப் பிடித்து வைத்திருக்கும் உப்பு. இங்கிலாந்தின் தாமஸ் மில்னர் 1840இல் படிகாரம் நிரப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பொட்டாஷ் படிகாரத்தின் எடையில் 45 சதவீதத்துக்கும் மேல் நீர்தான். பிறகு ஜிப்சம் வந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு நீர். வெளியே தீ எரியும்போது இந்த நீர் ஆவியாகி வெப்பத்தை விழுங்குகிறது. நீர் தீரும்வரை உள்ளே தாள் கருகும் அளவுக்குச் சூடு ஏறாது. தாளுக்கான அமெரிக்கச் சோதனையில் உள்வெப்பம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தரைப்பெட்டகத்துக்கு இந்தக் கவலை குறைவு: சூடான வாயு மேலே போகும், தரைதான் எரியும் வீட்டில் குளிர்ந்த இடம். தீயை அணைக்க அடிக்கும் தண்ணீர் மட்டும் நேராக இதற்குள் வந்து சேரும்.

லிவரும் சக்கரமும்

சாவியால் திறக்கும் பெட்டகங்களில் பெரும்பாலும் லிவர் பூட்டுதான். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஆறு, எட்டு பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றையும் ஒரு சுருள்வில்லோ தட்டைவில்லோ கீழே அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் ஒவ்வோர் உயரத்துக்குத் தூக்கும். எல்லாத் தகடுகளின் வெட்டுகளும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்தால் தாழில் உள்ள முளை அவற்றினூடே நுழைந்து தாழ் நகரும். ஒரு தகடு குறைவாக எழுந்தாலும் அதிகமாக எழுந்தாலும் நகராது. எட்டுத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு உயரம் என்று வைத்துக்கொண்டால் 57,64,801 வெவ்வேறு சாவிகள் சாத்தியம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையும் லிவர்தான். அங்கே இவை கையாலேயே அறுத்து அராவிப் பொருத்தப்பட்டன.

இத்தகைய பூட்டின் பலவீனம் அது கசியவிடும் தகவல். தாழுக்கு லேசாக விசை கொடுத்தபடி தகடுகளைத் தூக்கிப் பார்த்தால், செய்நேர்த்தியில் மயிரிழை வேறுபாடு இருப்பதால், ஏதோ ஒரு தகடு முதலில் இறுகும். அது சரியான உயரத்துக்கு வந்ததும் தாழ் ஒரு நூலளவு அசையும். பிறகு அடுத்த தகடு. லட்சக்கணக்கான சாவிகளை முயல வேண்டிய கணக்கு, எட்டுத் தனித்தனிக் கணக்குகளாகச் சுருங்கிவிடுகிறது. 1818இல் ஜெரமையா சப் செய்த பூட்டு இதைத் தடுக்க ஓர் உபாயம் வைத்திருந்தது: எந்தத் தகடாவது அளவுக்கு மேல் தூக்கப்பட்டால் பூட்டு தானே இறுகி, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரருக்குக் காட்டிவிடும். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சி நடந்த சமயம் அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதை அரை மணி நேரத்துக்குள் திறந்தார். எந்த உயரம் அளவுக்கு மீறியது என்பதை அந்தக் காவல் உறுப்பே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. பிராமா என்ற இன்னொரு பூட்டு அவரிடம் அதிக நேரம் நின்று பிடித்தது. இரண்டு வாரத்துக்கும் மேல் விட்டுவிட்டு உழைத்து, மொத்தம் 51 மணி நேரத்தில் திறந்தார்.

எண் பூட்டில் டயலுக்குப் பின்னே மூன்று அல்லது நான்கு சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு. வெட்டுகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தால் ஒரு சிறு உலோகக் கட்டை அவற்றுக்குள் விழுந்து தாழை இழுக்கும். நூறு எண்கள், மூன்று சக்கரங்கள் என்றால் 10 லட்சம் சேர்க்கைகள். ஒரு முயற்சிக்குப் பதினைந்து விநாடி என்றால் இரவு பகலாக 174 நாள். இந்தக் கணக்கை இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் உடைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த காலத்தில், கோப்புப் பெட்டிகளின் பூட்டில் உண்மையான எண்ணுக்கு இரண்டு முன்னோ பின்னோ இருந்தாலும் திறந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அப்படியானால் ஒவ்வொரு சக்கரத்திலும் நூறல்ல, இருபது எண்களே. 8,000 சேர்க்கைகள், அதே வேகத்தில் 33 மணி நேரம். பெட்டி திறந்து கிடக்கும்போது கடைசி எண்களைத் தடவித் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் கவனித்தார். பலர் தொழிற்சாலை வைத்துத் தந்த எண்ணையே மாற்றாமல் விட்டிருந்தார்கள். ஓர் இயற்பியலாளரின் பெட்டி 27-18-28 என்ற எண்ணுக்குத் திறந்தது. இயல் மடக்கையின் அடிமானம் 2.71828 என்பதை அறிந்தவருக்கு அது ரகசியமே இல்லை.

திரைப்படத்தில் காதில் ஸ்டெதஸ்கோப்பு மாட்டிக்கொண்டு டயலைத் திருகுவதற்கும் உண்மை வேலைக்கும் தொடர்பு குறைவு. டயல் எங்கே தடுக்கிறது என்பதை ஒவ்வொரு எண்ணுக்கும் கோட்டின் எட்டில் ஒரு பங்கு வரை அளந்து வரைபடத் தாளில் குறிக்கிறார்கள். வரைபடம் எங்கே தாழ்கிறதோ அங்கே ஒரு வெட்டு இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். காதை விடக் கண்ணுக்கும் விரலுக்கும் பொறுமைக்கும்தான் அங்கே வேலை. இதைத் தடுக்கப் பொய் வெட்டுகள் கொண்ட சக்கரங்கள் வந்தன. எக்ஸ் கதிரால் வெட்டுகளைப் பார்த்துவிடுவார்கள் என்ற அச்சம் எழுந்ததும், கதிருக்குப் புலப்படாத பிளாஸ்டிக் சக்கரங்களும் வந்தன.

துருவும் மழைக்காலமும்

தமிழகத்து வீட்டுத் தரையில் பல ஆண்டுகள் கிடந்த பெட்டகத்தின் முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வருகிறது. மண்ணின் நுண்துளைகள் வழியே அது கான்கிரீட்டுக்குள்ளும் ஏறுகிறது. மேல் நோக்கித் திறக்கும் மூடியானதால் தரை கழுவும் தண்ணீரும் தூசியும் சாவித் துவாரத்துக்குள்ளேயே இறங்கும். நிற்கும் பெட்டகத்தில் கீழே விழுந்துவிடும் குப்பை, இங்கே பூட்டின் மேலேயே தங்கும்.

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகும். தாழுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளியோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைத் துரு நிரப்பிவிட்டால் சரியான சாவியே கிடைத்தாலும் திறக்காது. பித்தளை லிவர்கள் தப்பித்துவிடும்; அவற்றை அழுத்தும் எஃகு வில்கள் முதலில் போய்விடும். போட்டு வைத்த எண்ணெயும் காலப்போக்கில் ஆக்சிஜனோடு சேர்ந்து அரக்கு போல இறுகும். சாவி பொருந்தவில்லை என்று கைவிடப்பட்ட பெட்டகங்களில் பூட்டு சரியாகவே இருந்து, எண்ணெய் மட்டும் இறுகியிருப்பதும் உண்டு. ஊடுருவும் எண்ணெயைச் சில துளி விட்டு நாள்கணக்கில் காத்திருப்பது முதல் வைத்தியம். மெல்லிய இடுக்குகளில் எண்ணெய் தானே இழுபட்டு இறங்கும். அதற்கு விசை வேண்டாம், நேரம் வேண்டும்.

திறக்கும் ஒழுங்கு

முதலில் தேட வேண்டியது சாவியைப் பற்றிய தகவல். பூட்டின் முகத்திலோ மூடியின் விளிம்பிலோ தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறித்திருக்கலாம். அதையும் வீட்டுப் பத்திரத்தையும் காட்டினால் சில நிறுவனங்கள் மாற்றுச் சாவிக்கு வழி சொல்லும். பெட்டகம் எவ்வளவு ஆழம், பக்கத்தில் இன்னொன்று உண்டா என்று அறிய உலோகம் காட்டும் கருவி போதும். தரையைத் தட்டிப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல. உள்ளீடற்ற ஓசை கேட்டால் பெரும்பாலும் டைல்ஸ் சரியாக ஒட்டவில்லை என்றுதான் பொருள்.

நிலத்துள் ஊடுருவும் ரேடார் பெரிய இடங்களுக்கு ஏற்றது. அது அனுப்பும் ரேடியோத் துடிப்பு, மின்பண்பு மாறும் எல்லைகளில் எதிரொலிக்கும். மண்ணில் ஒரு நானோ விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர் போகிறது என்றால், 20 நானோ விநாடியில் திரும்பிய எதிரொலி ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. உலர் மணலில் நன்றாக வேலை செய்யும். ஈரக் களிமண் மின்சாரத்தைக் கடத்துவதால் அலையை விழுங்கிவிடும். விருத்தாசலம் பக்கத்துக் களிமண் பூமியில் மழைக்காலத்தில் இந்தக் கருவி அதிக ஆழம் பார்க்காது.

அடுத்தது சேதமில்லாத முறைகள். தேர்ந்த சாவி செய்பவர் லிவர்களின் உயரத்தை ஒவ்வொன்றாக அளந்து புதுச் சாவி அராவுவார். எண் பூட்டானால் மேலே சொன்ன வரைபட முறை. இவை தோற்றால்தான் துளை. தேர்ந்தவர் அந்த மாதிரிப் பெட்டகத்தின் அமைப்பை அறிந்து, குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிய ஒரு துளை மட்டும் போட்டு, போர்ஸ்கோப் என்ற மெல்லிய கண்ணாடி நாரால் உள்ளே பார்த்துப் பூட்டை இயல்பாகத் திறப்பார். பிறகு துளையைக் கடின எஃகால் அடைத்துவிட்டால் பெட்டகம் மறுபடி பயன்படும்.

சம்மட்டியும் கேஸ் வெல்டிங்கும் வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. நல்ல கதவுகளில் பூட்டுக்குப் பின்னால் பதப்படுத்திய கண்ணாடித் தகடு ஒன்று இருக்கும். சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். அடியோ துரப்பணமோ பட்டால் முழுவதும் ஒரே நொடியில் பொடியாகும். அதில் கட்டியிருந்த கம்பி தளர்ந்ததும், வில்விசை கொண்ட கூடுதல் தாழ்கள் பாய்ந்து பூட்டிக்கொள்ளும். அதன்பின் அசல் சாவி வந்தாலும் திறக்காது. சுடர் வைத்தால் உள்ளே உள்ள பத்திரமும் பணமும் கருகும். பழைய வெப்பக் காப்பு நிரப்பில் கல்நார் இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. கண்மூடித்தனமாகத் துளைப்பது அந்தத் தூசையே கிளப்பிவிடும்.

பூரியும் திருவனந்தபுரமும்

வீட்டுப் பெட்டகங்கள் திறக்கப்படும்போது யாரும் குறிப்பெழுதுவதில்லை. ஆகவே இந்தப் பிரச்சினையை ஆவணத்தோடு பார்க்க இரண்டு கோயில்களுக்குப் போக வேண்டும்.

பூரி ஜகந்நாதர் கோயிலின் ரத்ன பண்டாரம் என்ற கருவூலத்தில் கடைசியாக முழுக் கணக்கெடுப்பு நடந்தது 1978இல். 2018 ஏப்ரலில் கட்டடத்தின் நிலையைப் பார்க்கச் சென்ற குழு உள்ளறைக்குள் போகவில்லை. கம்பிக் கதவு வழியே விளக்கடித்துப் பார்த்துத் திரும்பியது. உள்ளறைச் சாவி காணவில்லை என்ற செய்தி பிறகு வெளிவந்து பெரும் அரசியல் ஆயிற்று. நீதி விசாரணையும் வந்தது. சில வாரங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுச் சாவி என்று எழுதிய உறை கிடைத்தது. 2024 ஜூலை 14 அன்று அந்தச் சாவிகளைப் போட்டுப் பார்த்தபோது எதுவும் திறக்கவில்லை. நீதிபதி விஸ்வநாத் ரத் தலைமையிலான குழுவின் மேற்பார்வையில், மாஜிஸ்திரேட் முன்னிலையில், மூன்று பூட்டுகளும் உடைக்கப்பட்டன. பாம்பு இருக்குமென்ற பேச்சினால் பாம்பு பிடிப்பவர்களும் வாசலில் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வேலை வரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், தரைக்கோ சுவருக்கோ பின்னால் வேறு அறை உண்டா என்று அறிய ரேடார் ஆய்வு நடந்தது.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு நிலவறைகளுக்கு ஏ முதல் எஃப் வரை பெயரிட்டார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த குழு 2011 ஜூன் இறுதியில் அவற்றைத் திறக்கத் தொடங்கியது. ஏ அறையில் தரைக் கற்பலகையைப் பெயர்த்துக் குறுகிய படிகளில் இறங்க வேண்டியிருந்தது. பி அறையில் கம்பிக் கதவையும் மரக் கதவையும் கடந்ததும் மூன்றாவதான இரும்புக் கதவு இறுகி நின்றது. நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொன்னது. உடனே நாகபந்தம், மந்திரத்தால் மட்டுமே திறக்கும் கதவு என்றெல்லாம் கதைகள் பெருகின. கோயில் கணக்குகளைத் தணிக்கை செய்த வினோத் ராய் தம் அறிக்கையில், 1990இல் இரண்டு முறையும் 2002இல் ஐந்து முறையும் பி அறை திறக்கப்பட்டதாகப் பதிவுகள் காட்டுகின்றன என்று எழுதினார். கடலோர ஊரின் ஈரத்தில் இரும்புக் கதவு இறுகுவதற்கு மந்திரம் தேவையில்லை.

ஆள் இறங்கும் அளவு நிலவறைகளில் ஓர் உண்மையான ஆபத்து உண்டு, அது காற்று. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன். மூடிய அறையில் இரும்பு துருப்பிடிப்பதும் மரமும் துணியும் மக்குவதும் அதைத் தின்றுவிடும். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் பாதுகாப்பற்றது என்பது தொழிற்பாதுகாப்பு விதி. பத்துக்குக் கீழே மனிதர் எச்சரிக்கையே இல்லாமல் மயங்கி விழுவார். கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய மற்றவரும் மடிவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. வெளியிலிருந்து காற்றை ஊதிச் செலுத்தி, கருவியால் அளந்த பிறகே இறங்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அளவீடு ஆகாது. எரியும் வாயு இருந்தால் அதுவே விபத்து.

திறந்த பின்

உள்ளே இருப்பது யாருடையது என்பதை 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பேசுகிறது. மண்ணிலோ மண்ணோடு பொருந்திய எதிலுமோ மறைத்து வைக்கப்பட்ட, மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் 1878இன் பத்து ரூபாய். இன்று ஒரு பழைய காசே அதைத் தாண்டிவிடும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு உரிமை கோருவோரை அழைப்பார். நூறு ஆண்டுகளுக்குள் வைக்கப்பட்டது என்று கருதினால், உரிமை கோருபவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக அவகாசம் தருவார். சமீப காலத்து வீட்டுப் பெட்டகம் என்றால் வைத்தவரின் வாரிசுகளே உரிமையாளர். வீட்டை வாங்கியதால் மட்டும் உள்ளிருப்பது சொந்தமாகிவிடாது. உரிமையாளர் இல்லையென்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே வாங்கிக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நூறு ஆண்டு பழைய சிலையோ 75 ஆண்டு பழைய சுவடியோ இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

பணத்துக்குத் தனி விதி. 1946இலும் 1978இலும் பெருமதிப்பு நோட்டுகள் செல்லாதவை ஆயின. 2016 நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள். இவற்றில் கடைசி வகையைப் பத்துக்கு மேல் வைத்திருப்பதையே 2017ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. நாணயவியல் படிப்புக்கும் ஆய்வுக்கும் 25 வரை விலக்கு உண்டு. அபராதம் 10,000 ரூபாய் அல்லது நோட்டுகளின் மதிப்பில் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது.

செல்லும் நோட்டுகளே ஈரத்தில் ஒட்டிக் கட்டியாகியிருந்தால் பிரிக்க முயலக் கூடாது. பருத்தி நாரால் ஆன தாள் என்பதால் நோட்டு நனைவதைத் தாங்கும். ஆனால் பூஞ்சை பிடித்து உளுத்த நோட்டுக் கட்டைக் கையால் பிரித்தால் எண் இருக்கும் பகுதியே உதிர்ந்துவிடும். கிழிந்த நோட்டுகளை வங்கிக் கிளைகள் மாற்றித் தருகின்றன. பிரிக்க முடியாமல் ஒட்டிப்போனவற்றையும், தொட்டால் நொறுங்குபவற்றையும், கருகியவற்றையும் கிளைகள் ஏற்பதில்லை. அவற்றை ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். தமிழகத்துக்கு அது சென்னையில் இருக்கிறது.